புளிப்பும் துவர்ப்பும்: இத்தாலிய ஒயினை ருசி பார்க்கப் பழகுவது எப்படி?

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், கிரேவே என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைப் பண்ணை. அந்தப் பக்கத்துச் சிவப்பு ஒயினான கியாண்டியை நான் முதன்முதலாகக் குடித்தது அங்கேதான். ஒரு வாய் குடித்ததும் பல் கூசியது, நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "கெட்டுப்போய்விட்டதோ?" என்று கேட்டேவிட்டேன். ஊற்றிக்கொடுத்த பெரியவர் சிரித்துக்கொண்டே ஒரு துண்டு சீஸை என் பக்கம் நகர்த்தினார். அதைத் தின்றுவிட்டு மறுபடி குடித்தால், கிளாஸில் யாரோ வேறு ஒயினை மாற்றி ஊற்றிவிட்ட மாதிரி இருந்தது.

திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டேனின் என்ற பொருளை ஒயின்காரர்கள் பக்கம் பக்கமாக விளக்குகிறார்களே, அதன் வேலைக்கு நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது: துவர்ப்பு. நாவல்பழம் தின்று வளர்ந்த நாக்குக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புளிப்பு எது, துவர்ப்பு எது என்று பிரித்துச் சொல்லப் பழகுவதுதான் இந்தப் பதிவின் வேலை.

1. மூன்று பாட்டில்கள்

வெள்ளை ஒயினுக்கு சொவாவே. வட இத்தாலியின் வெரோனா நகருக்குக் கிழக்கே உள்ள குன்றுகளில் விளையும் கர்கானெகா திராட்சையில் செய்வது. அந்தத் திராட்சை குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி.

சிவப்பில் முதலாவது கியாண்டி கிளாசிகோ. ஃப்ளோரன்ஸுக்கும் சியன்னாவுக்கும் நடுவிலுள்ள பகுதியில் விளைவது. சாஞ்சியோவேசே திராட்சை குறைந்தது 80 சதவீதம். பாட்டிலில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'கியாண்டி' என்று போட்டிருந்தால் அது வேறு ஒயின்; கீழே நான் கியாண்டி என்று சுருக்கமாகச் சொல்வது இந்தக் கிளாசிகோவைத்தான்.

இரண்டாவது சிவப்பு, வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே பகுதியில் விளையும் நெபியோலோ திராட்சையில் செய்வது. புகழ்பெற்ற பரோலோ ஒயின் முழுக்க இந்தத் திராட்சைதான். ஆனால் பரோலோவைக் குறைந்தது 38 மாதம் வைத்திருந்துதான் விற்கலாம், விலையும் அதற்கேற்ப இருக்கும். பழகுகிறவர்களுக்கு 'லாங்கே நெபியோலோ' போதும்.

லேபிளில் உள்ள டி.ஓ.சி., டி.ஓ.சி.ஜி. என்ற இத்தாலியப் பிறப்பிடச் சான்று எழுத்துகள் 1963-ல் வந்த சட்டத்தின் வழி வந்தவை. எந்த ஊர், எந்தத் திராட்சை என்பதற்குத்தான் அவை உத்தரவாதம், ருசிக்கு அல்ல. ஒரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொந்தேபுல்சியானோ என்பது ஒரு திராட்சையின் பெயர், டஸ்கனியில் ஓர் ஊரின் பெயரும் கூட. அந்த ஊரின் 'வீனோ நோபிலே' ஒயினில் பெரும்பங்கு சாஞ்சியோவேசே!

2. சூடும் குளிரும்

வெள்ளை 10 டிகிரி வாக்கில், சிவப்பு 16 முதல் 18 டிகிரி. 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி' என்பது குளிர்நாட்டுக் கல்வீடுகளுக்குச் சொன்னது. சென்னை மாதிரி ஊரில் அறை வெப்பம் 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். சிவப்பையும் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

வாய் கொஞ்சம் குறுகிய கிளாஸில் ஆளுக்கு 50 மில்லி ஊற்றினால் போதும். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வையுங்கள். துப்புவது மரியாதைக்குறைவு இல்லை, தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்கிறார்கள். வண்டி ஓட்ட வேண்டியவர் இந்த ஆட்டத்துக்கே வர வேண்டாம். அப்புறம், அறையில் ஊதுபத்தி, மல்லிகை, தாளிக்கும் வாசனை எதுவும் கூடாது.

3. நிறம்

வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். கியாண்டி மாணிக்கச் சிவப்பு. நெபியோலோ அதைவிட வெளுத்து, ஓரத்தில் செங்கல் நிறம் காட்டும். 'இது லேசான ஒயின்' என்று தோன்றும். நம்பாதீர்கள்.

4. மூக்கு

முதலில் ஆட்டாமல் ஒரு முறை முகருங்கள். பிறகு கிளாஸை மேசையிலேயே வைத்துச் சுழற்றிவிட்டு மறுபடி முகருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள், பெயர் வைக்க அவசரம் வேண்டாம்.

சொவாவேயில் வெள்ளைப் பூக்கள், பேரிக்காய், பச்சைப் பாதாம் தெரியலாம். கியாண்டியில் புளிப்புச் செர்ரி என்பார்கள். நம் ஊர் கேக்கின் மேல் இருக்கும் 'செர்ரி'யை நினைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. அது பெரும்பாலும் சாயம் ஏற்றிப் பாகில் ஊறவைத்த களாக்காய். வேடிக்கை என்னவென்றால், பாகில் போடாத களாப்பழத்தின் புளிப்பும் துவர்ப்பும்தான் கியாண்டிக்குப் பக்கத்தில் வருகிறது. நெபியோலோவுக்கு ரோஜாவும் தாரும் என்பது வழக்கமான வர்ணனை. தார் என்றால் ரோடு போடும் தார்தான். எனக்கு ரோஜா உடனே தெரிந்தது, தார் தெரிய ஒரு வருடம் ஆனது.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது ஒயினின் குணம் இல்லை, கார்க் வழியாக வந்த கெடுதல். ஒரு கடையில் வாங்கிய பாட்டில் அப்படி இருந்தபோது, 'மண்வாசனை' என்று நாலு பேருக்கு நான் விளக்கம் வேறு கொடுத்தேன்.

5. வாய்

வெள்ளையில் தொடங்குங்கள், பிறகு கியாண்டி, கடைசியில் நெபியோலோ. வரிசையை மாற்றினால் நெபியோலோவுக்குப் பிறகு சொவாவே தண்ணீராகிவிடும்.

ஒரு சின்ன வாய் எடுத்து, ஐந்தாறு விநாடி நாக்கு முழுவதும் உருட்டுங்கள். துப்பிவிட்டு, வாயைத் திறக்காமல் தலையைக் கொஞ்சம் முன்னால் குனியுங்கள். நாக்கின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறுகிறதா? அது புளிப்பின் வேலை. இப்போது நாக்கால் ஈறைத் தடவுங்கள். வழுக்காமல் சொரசொரவென்று இழுக்கிறதா? அது துவர்ப்பு. எச்சிலில் உள்ள புரதத்தோடு டேனின் ஒட்டிக்கொள்வதால் வழவழப்பு போய்விடுகிறது.

சொவாவேயில் எச்சில் ஊறும், ஈறு இழுக்காது, முடிவில் பாதாம் தோல் மாதிரி ஒரு மெல்லிய கசப்பு. கியாண்டியில் இரண்டும் உண்டு. வெளுத்துப்போன அந்த நெபியோலோவில் ஈறு கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

6. சீஸ்

பார்மிஜானோ சீஸ் ஒரு துண்டு மென்று விழுங்கிவிட்டு, கியாண்டியை மறுபடி குடியுங்கள். ஈறைத் தடவிப் பாருங்கள்: சொரசொரப்பு பாதியாகக் குறைந்திருக்கும், பழ ருசி முன்னால் வரும். கடும் டீயில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குகிறதே, அதே சங்கதி. பால் புரதம் டேனினைப் பிடித்துக்கொள்கிறது; எச்சில் தப்பிக்கிறது. பெரியவர் வாய் திறக்காமல் எனக்குச் சொன்னது இதுதான்.

மிளகாய்க் காரம் மட்டும் வேண்டாம். காரமும் ஆல்கஹாலும் ஒன்றை ஒன்று தூண்டிவிட்டு வாய் எரியும்.

7. மிச்சம்

மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும்தான். இரண்டு மூன்று நாள் தாங்கும். மூன்று ஒயினுக்கும் புளிப்பு, துவர்ப்பு இரண்டுக்கு மட்டும் பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் மதிப்பெண் போட்டு வையுங்கள். மறுநாள் நெபியோலோவை, முதல் நாள் எழுதியதைப் பார்க்காமல், திரும்பக் குடித்து மதிப்பெண் போடுங்கள். என் நோட்டில் முதல் நாள் துவர்ப்பு 9. மறுநாள் 7, பக்கத்தில் பென்சிலால் 'தார்?' என்று இருக்கிறது.