ஹார்வர்டு சேர்க்கை பற்றி விவாதிக்க இறங்குமுன்

இனம், தகுதி, வாரிசுச் சலுகை (முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் முன்னுரிமை) மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் விவாதம் எங்கும் போய்ச் சேராது. முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஹார்வர்டு சேர்க்கை வழக்கின் 2023 ஜூன் 29 தீர்ப்பைச் சரியாகச் சொல்லுங்கள். விண்ணப்பதாரரின் இனத்தையே சேர்க்கைக் காரணியாகக் கொள்வதைத்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடுத்தது. இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதலாம். வாரிசுச் சலுகைக்கு அந்தத் தீர்ப்பில் தடை இல்லை.

அடுத்தது எண்கள். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். அந்த வழக்கில் வெளிவந்த தரவுகளின்படி, ஹார்வர்டில் இடம் கிடைத்த வெள்ளை மாணவர்களில் சுமார் 43% பேர் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், டீன் தனிக் கவனத்துக்கென வைத்த பட்டியலில் இருந்தவர்கள் (பெரும்பாலும் நன்கொடையாளர்களுக்கு வேண்டியவர்கள்), ஊழியர்களின் பிள்ளைகள் என்ற நான்கு வகைக்குள் வந்தவர்கள். ‘வாரிசுகள் 43%’ என்று சொல்லிவிடாதீர்கள். எதிராளி அங்கேயே மடக்கிவிடுவார், அது நியாயமும்கூட.

“பணக்காரப் பிள்ளைகள் மதிப்பெண்ணும் நிறைய வாங்குகிறார்களே” என்பார்கள். எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் ஒரே அளவு மதிப்பெண் உள்ளவர்களை ஒப்பிடச் சொல்லுங்கள். பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு 2023-இல் அப்படித்தான் ஒப்பிட்டது: ஐவி-பிளஸ் கல்லூரிகளில் (ஹார்வர்டு உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் அவற்றுக்கு இணையான சிலவும்) சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்தாரைவிட மேல்தட்டு 1% குடும்பத்தாருக்கு இரு மடங்குக்கும் அதிகம்.

“வாரிசுச் சலுகையை நீக்கினால் நன்கொடை வற்றிவிடும்” என்றால், அதைத் தராத எம்ஐடியை (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) காட்டுங்கள்.