வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பி.ஏ. (தனி உதவியாளர்) வைக்கப் போகிறீர்களா? முதலில் ஓடிபி யார் போனுக்கு வருகிறது என்று பாருங்கள்

சென்னிமலையில் பெட்ஷீட், துண்டு எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் மொத்த வியாபாரம் எங்களுடையது. தென்காசியில் தன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு பெண்ணை பி.ஏ.வாக வைத்திருக்கிறேன். இன்று அவர் இல்லாமல் என் நாள் ஓடாது. ஆனால் முதல் மாதம் இரண்டு பேருமே திணறிப்போனோம். அவர் கெட்டிக்காரர்தான். நான்தான் எதையும் தயார் செய்யாமல் ஆளை எடுத்துவிட்டேன். அந்தத் தயாரிப்பு மட்டும்தான் இந்தப் பதிவு.

படி 1: இரண்டு வாரம் எழுதுங்கள்

காலையிலிருந்து இரவு வரை செய்யும் ஒவ்வொரு வேலையையும், எத்தனை நிமிடம் ஆனது என்பதோடு எழுதி வையுங்கள். இதற்கு நாற்பது பக்க நோட்டுதான் நல்லது. ஆப்பில் எழுதலாம் என்று போனை எடுத்தால் வாட்ஸ்அப் இழுத்துக்கொண்டு போய்விடும்.

முடிவில் என் நோட்டில் இருந்தவை: பேல் (துணி மூட்டை) போய்ச் சேர்ந்ததா என்று லாரி ஆபீஸுக்குப் போன், எல்.ஆர். (லாரி ரசீது) நகலைக் கடைக்காரருக்கு அனுப்புவது, இ-வே பில் (சரக்கு அனுப்ப ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு), பாக்கி நினைவூட்டல், 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குக்காக ஆடிட்டருக்கு பில்கள். விலை பேசுவதையும் கடன் கொடுப்பதையும் மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன்.

படி 2: ஒவ்வொரு வேலைக்கும் எதிரே 'ஓடிபி யாருக்கு?' என்று ஒரு கட்டம்

நான் விழுந்த இடம் இது. அவசரத்தில் என் ஜிமெயில் பாஸ்வேர்டையே கொடுத்திருந்தேன். ஒரு நாள் குடும்பத்தோடு மலைக்குப் போயிருந்தபோது, புது இடத்திலிருந்து யாரோ நுழைகிறார்கள் என்று கூகுள் தடுத்து, என் போனுக்கு உறுதி கேட்டு அனுப்பியது. எனக்கோ சிக்னல் இல்லை. பெரிய ஆர்டர் ஒன்று மெயிலிலேயே கிடந்தது. இறங்கி வந்ததும் "அக்கா, ஓடிபி சொல்லுங்க" என்று பதினோரு மிஸ்டு கால்.

ஓடிபி உங்கள் போனுக்கு வரும்வரை அந்த வேலை இன்னும் உங்கள் வேலைதான். அதனால் ஓடிபியை வாங்கிச் சொல்லும் வழியைத் தேடாதீர்கள். அவருக்கென்று தனி நுழைவு கிடைக்குமா என்று தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

ஜிமெயில்: கணினியில் அமைப்புகளுக்குள் 'அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்' போய், 'கிராண்ட் ஆக்சஸ் டு யுவர் அக்கவுண்ட்' என்ற இடத்தில் அவருடைய ஜிமெயில் முகவரியைச் சேருங்கள். அவர் உங்கள் மெயிலைப் படிக்கலாம், பதில் அனுப்பலாம், அழிக்கலாம். பாஸ்வேர்டை மாற்ற முடியாது.

இ-வே பில்: அதன் தளத்தில் 'சப் யூசர்' (உங்கள் கணக்கின் கீழ் அவருக்கென்று ஒரு துணைக் கணக்கு) உருவாக்கி, பில் போடும் உரிமையை மட்டும் கொடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இங்கே எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம். ஆனால் சப் யூசருக்கு அவருடைய எண்ணுக்கே ஓடிபி போகும். இதைச் செய்த அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

வங்கி: நடப்புக் கணக்குக்கு மேக்கர்–செக்கர் முறை உண்டா என்று கிளையில் கேளுங்கள். அவர் பணப் பட்டியலைத் தயார் செய்வார், ஒப்புதல் மட்டும் நீங்கள் கொடுப்பீர்கள். அது இல்லையென்றால் வங்கி வேலையை ஒப்படைக்கவே வேண்டாம். வங்கி ஓடிபியை யாருக்கும், எவ்வளவு நம்பிக்கையானவருக்கும் சொல்லாதீர்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ்: உங்கள் போன் போக, இன்னும் நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். ஆனால் இணைத்தவருக்கு எல்லா உரையாடலும் தெரியும். என் நாத்தனார் அனுப்பிய வீட்டு விஷயங்கள் வரைக்கும் அந்தப் பெண்ணின் திரையில் வந்து நின்றன. அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். கடைக்குத் தனி சிம் வாங்கி, அதற்குப் பிறகு இணைத்துக் கொடுங்கள்.

மீதி பாஸ்வேர்டுகளுக்கு பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு சேமிக்கும் ஆப். இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள இலவசத் திட்டமே போதும். வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்டு அனுப்பும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

படி 3: செய்து காட்டிப் பதிவு செய்யுங்கள்

ஒரு வேலையை நீங்கள் செய்யும்போதே பேசிக்கொண்டு திரையைப் பதிவு செய்யுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். நடுவில் தப்பு வந்தாலும் வெட்ட வேண்டாம், எப்படித் திருத்தினீர்கள் என்பதும் அவருக்குப் பாடம்தான். தினசரி வேலைகளுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். பெரிய ப்ராஜெக்ட் ஆப்களைச் சிறு வியாபாரத்துக்கு நான் சொல்லவே மாட்டேன்.

படி 4: ஒரு வாரம், சம்பளத்தோடு

இப்போது ஆளைத் தேடலாம். பிடித்தவருக்கு நோட்டிலிருந்து மூன்று வேலை கொடுத்து ஒரு வாரம் பாருங்கள். சரிவரவில்லை என்றாலும் அந்த வாரக் கூலியைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு மேல் போன் செய்ய மாட்டீர்கள் என்பதையும் முதல் நாளே சொல்லுங்கள். வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்கு இரவு என்று ஒன்று இல்லாமல் போய்விடுகிறது.

பின்சேர்க்கை: ஜிமெயிலில் சேர்த்தும் வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நீங்கள் சேர்த்தவர் தனக்கு வரும் அழைப்பு மெயிலை ஒரு வாரத்துக்குள் ஏற்க வேண்டும், தவறினால் மறுபடி அனுப்புங்கள். ஏற்ற பிறகும் ஒரு நாள் வரை ஆகலாம். உங்களுடையது கம்பெனி பெயரில் உள்ள கூகுள் வொர்க்ஸ்பேஸ் மெயில் என்றால், அட்மின் பக்கத்தில் முதலில் இந்த வசதியைத் திறந்துவிட வேண்டும். அதன் பிறகுதான் அந்தத் தேர்வே உங்கள் கண்ணில் படும்.