மலைக்கிராமத்தில் வாடகைக்குக் குடியேறுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்கான செய்முறை விளக்கம்

வத்தல்மலை, சித்தேரி, பெட்டமுகிலாளம் போன்ற ஊர்களில் வாடகை வீட்டுக்கான அறிவிப்புப் பலகையைக் காண்பது அரிது. எனவே முதற்படியாக, சொந்த வண்டியை விட்டுவிட்டு, ஒரு வேலைநாளில் பேருந்திலேயே மலையேறுங்கள். கடைசிப் பேருந்து எப்போது கிளம்புகிறது, கைப்பேசிக்குச் சிக்னல் எங்கே விட்டுப்போகிறது என்பவை அந்த ஒரே பயணத்தில் தெரிந்துவிடும். தேநீர்க் கடையில் விசாரித்த பின், ஊர்ப் பெரியவர்களையும், மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊராக இருந்தால் ஊர்க்கவுண்டரையும் பார்த்துப் பேசுவது முறை.

இரண்டாவது படி தண்ணீர். வீட்டின் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குடிநீர் ஊற்றிலிருந்து வருகிறதா, ஊராட்சிக் குழாயிலிருந்தா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா என்று கேளுங்கள். சித்திரை, வைகாசியில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் மட்டுமின்றி, பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள். இவ்விரு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இந்தியத் தரநிலைப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை அனுமதி உண்டு. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆழ்துளைக் கிணறுதான் ஒரே வழி என்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைச் சோதித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

அடுத்தது பத்திரம். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பட்டாவிலும் வீட்டு வரி ரசீதிலும் பாருங்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிடைத்த நிலம் வாரிசுக்குப் போகுமே தவிர, பிறருக்குக் கைமாறாது; ஆகவே அத்தகைய நிலத்திலுள்ள வீட்டுக்குப் போகியம் என்று பெருந்தொகை கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், பெரும்பாலோர் 11 மாதத்துக்கே ஒப்பந்தம் எழுதுகிறார்கள்.

மின்சாரத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்கு உரியது. வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மீட்டரில் இருந்தால், கணக்கை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் குடியேறுவோருக்கு இன்னொரு படியும் உண்டு. கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் அங்கே வருவது வழக்கம். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் அந்த வீடு வேண்டாம் என்பதே என் கருத்து. கேழ்வரகு மூட்டையையும் பலாப்பழத்தையும் திண்ணையில் வைக்காதீர்கள். விடியுமுன் தனியே நடக்காதீர்கள். வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைக் குடியேறும் அன்றே கேட்டு, சுவரில் எழுதி வையுங்கள்.