கோடெக்கை ஒப்பிடுவதற்கு முன் ஃபிரேமைச் சரிபாருங்கள்

வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் கருவி கைக்குப் பழகியதும், வீடியோவைச் சுருக்கும் என்கோடர்களான எக்ஸ்264 (எச்.264), எக்ஸ்265 (எச்.265), எஸ்விடி-ஏவி1 (ஏவி1) மூன்றையும் ஓடவிட்டு எது மேல் என்று அட்டவணை போடும் ஆசை வந்துவிடும். நல்ல ஆசைதான். ஆனால் புதிதாக வருபவர்கள் போடும் அட்டவணைகளில் அதே பழைய தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கட்டளையில் எழுத்துப்பிழை, விடுபட்ட நூலகம் போன்றவை உடனே பிழைச்செய்தி தந்துவிடும். அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. சத்தமே இல்லாமல் தப்பான எண்ணைத் தருபவற்றை மட்டும் பார்ப்போம்.

ஒரே சிஆர்எஃப் என்றால் ஒரே தரம் என்று எண்ணுவது

சிஆர்எஃப் என்பது எவ்வளவு தரம் வேண்டும் என்று என்கோடரிடம் சொல்லும் எண். அதன் இயல்பு மதிப்பு எக்ஸ்264-ல் 23, எக்ஸ்265-ல் 28. ஏவி1 என்கோடர்களில் அளவுகோலே 63 வரையாவது போகிறது. மூன்றிலும் 28 வைத்துக் கோப்பின் அளவைப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு பிட்ரேட்டில் (செகண்டுக்கு எத்தனை பிட்) என்கோடு செய்து, தரத்தைக் கோடாக வரைந்து, பிடி-ரேட் (ஒரே தரத்துக்குப் பிட்ரேட் சராசரியாக எத்தனை சதவீதம் கூடுகிறது அல்லது குறைகிறது) கணக்கிடுங்கள். எல்லாக் கோடுகளும் எட்டும் பொதுவான தர எல்லைக்குள் மட்டும்தான் அந்தக் கணக்கு செல்லும்.

ஃபிரேம் நழுவியதைக் கவனிக்காமல் அளப்பது

பல நாள் உழைப்பை வீணாக்குவது இதுதான். எரிச்சல் வருவதற்குக் காரணம், ஐந்து நிமிடத்தில் தவிர்த்திருக்கலாம் என்பது.

என்கோடு செய்ததை மூலத்தோடு ஒப்பிட்டுத் தரத்தை அளக்கும் பிஎஸ்என்ஆர், விமாஃப் இரண்டு ஃபில்டர்களும் ஃபிரேம் எண்ணைப் பார்ப்பதில்லை, நேரமுத்திரையை (ஃபிரேம் எப்போது தோன்ற வேண்டும் என்ற குறிப்பு) பார்த்தே ஜோடி சேர்க்கின்றன. என்கோடு செய்த ஃபிரேமின் நேரத்துக்குச் சமமான, இல்லையென்றால் அதற்குச் சற்று முந்தைய, மூல ஃபிரேமை எடுத்துக்கொள்ளும். 24 ஃபிரேம் வீதமுள்ள வீடியோவில் இரண்டாம் எண் ஃபிரேம் (பூஜ்யத்திலிருந்து எண்ணினால்) 83.333 மில்லிசெகண்டில் வரும். எம்கேவி, வெப்எம் போன்ற கன்டெய்னர்கள் (வீடியோவைப் பொதிந்து வைக்கும் கோப்பு வகைகள்) வழக்கமாக நேரத்தை முழு மில்லிசெகண்டாகத்தான் எழுதும், அதனால் அது 83 ஆகிவிடும். மூலத்தில் 83-க்குள் இருப்பது முந்தைய ஃபிரேம்தான். இப்படி மூன்றில் ஒரு ஃபிரேம் தப்பான ஜோடியோடு ஒப்பிடப்படுகிறது. எம்பி4-ல் இந்தச் சிக்கல் இல்லை. எச்.264-ஐ எம்பி4-லும் ஏவி1-ஐ வெப்எம்மிலும் வைத்து அளந்தவர், "ஏவி1 சொன்ன அளவுக்கு இல்லை" என்று முடிவு எழுதுவார். அவர் அளந்தது கன்டெய்னரை.

கச்சா ஒய்யுவி (அளவு, வீதம் போன்ற தகவல் எதுவுமில்லாத, சுருக்கப்படாத வீடியோ) கோப்பில் இன்னும் மோசம். அகல உயரம் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் நின்றுவிடும். வீதம் சொல்லாவிட்டால் 25 என்று வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். 24 வீத வீடியோவில் பத்தாவது செகண்டில் 240-ஆம் ஃபிரேமை மூலத்தின் 250-ஆம் ஃபிரேமோடு ஒப்பிடுவீர்கள்.

அடையாளம் இதுதான்: பிட்ரேட்டை இரட்டிப்பாக்கியும் மதிப்பெண் அசையாது. அசைவில்லாத காட்சியில் நன்றாகவும் கேமரா நகர்ந்ததும் பாதாளத்திலும் இருக்கும். நழுவிய ஒப்பீட்டில் மங்கலான படத்துக்கே பிழை குறைவாக விழும் என்பதால், மோசமான என்கோடர் ஜெயிக்கவும் கூடும்.

சரிசெய்ய, ஒப்பீட்டுக் கட்டளையில் இரண்டு உள்ளீட்டுக்கும் முன்னால் ஒரே ஃபிரேம் வீதத்தைக் கொடுங்கள். கோப்பிலுள்ள நேரமுத்திரை கைவிடப்படும். பிறகு இரண்டின் தொடக்க நேரத்தையும் பூஜ்யமாக்குங்கள். அளக்கும் முன் ஒரு சோதனை: மூலத்தை எக்ஸ்264-ல் க்யூபி (எவ்வளவு சுருக்குவது என்ற எண்) 0 வைத்து இழப்பின்றி என்கோடு செய்து, அதே கன்டெய்னரில் (வெப்எம் எச்.264-ஐ ஏற்காது, அதற்குப் பதில் எம்கேவியில்) போட்டு பிஎஸ்என்ஆர் எடுங்கள். லாக்கில் ஒவ்வொரு வரியிலும் முடிவிலி வர வேண்டும். ஒரு வரியில் 34 என்று வந்தாலும் அளவீட்டைத் தொடங்காதீர்கள். இந்தச் சோதனைக்கு விமாஃப் உதவாது. ஒரே வீடியோவைத் தன்னோடு ஒப்பிட்டாலும் அது எல்லா ஃபிரேமுக்கும் 100 தராது.

உள்ளீட்டு வரிசை

விமாஃபில் முதலில் என்கோடு செய்தது, அடுத்து மூலம். மாற்றிக் கொடுத்தாலும் எண் வரும், தப்பாக வரும்.

ட்யூனை மறப்பது

எக்ஸ்264 இயல்பாகவே கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி பிட்டுகளைப் பங்கிடுகிறது. அதற்குப் பிஎஸ்என்ஆரில் மதிப்பெண் குறையும். பிஎஸ்என்ஆரில்தான் அளப்பீர்கள் என்றால் எல்லா என்கோடரிலும் அதற்கான ட்யூனை (எந்த நோக்கத்துக்கு ஏற்ப என்கோடு செய்வது என்ற அமைப்பு) வையுங்கள், வைத்ததை அட்டவணையில் எழுதுங்கள்.

பிரீசெட் பெயர்

பிரீசெட் என்பது என்கோடரின் வேகத்தைத் தேர்வுசெய்யும் அமைப்பு. இரண்டு என்கோடரின் "மீடியம்" ஒன்றல்ல. செலவான நேரத்தை அளந்து எழுதுங்கள்.

சொந்த நிரலில் எஃப்எஃப்எம்பெக்கைச் சேர்க்கும்போது

கடைசி ஃபிரேமை அனுப்பியதும் கோப்பை மூடிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும். எக்ஸ்264 மீடியம் பிரீசெட்டில் 40 ஃபிரேம் வரை முன்னோக்கிப் பார்ப்பதற்காக உள்ளே பிடித்து வைத்திருக்கும். ஃபிரேமுக்குப் பதில் வெற்றுச் சுட்டியை அனுப்பி, முடிந்தது என்ற குறியீடு வரும்வரை பாக்கெட்டுகளை வாங்குங்கள். இல்லாவிட்டால் வீடியோவின் கடைசி ஒன்றரை செகண்டு போய்விடும். ஒப்பீட்டிலும் மூலம் நீளமாக, மற்றது குட்டையாக நிற்கும்.

படத்தை நகலெடுக்கும்போது ஒரு வரிக்கு அகலம் அளவு பைட்டுதான் என்று கொள்ளாதீர்கள். நினைவகத்தில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் நிரப்பு பைட்டுகள் இருக்கலாம். லைன்சைஸை (ஒரு வரி நினைவகத்தில் உண்மையில் எத்தனை பைட்டு) பார்த்து வரிவரியாக எடுங்கள். 1920 அகலத்தில் ஓடிய நிரல் 1366-ல் படத்தைச் சாய்த்துக் காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எஃப்எஃப்எம்பெக்கின் சொந்த ஏவி1 டிகோடருக்கு ஹார்டுவேர் துணை வேண்டும். மென்பொருளாலேயே ஏவி1-ஐ டிகோடு செய்யும் டேவ்1டி நூலகத்தைச் சேர்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணினியில் ஓடியது பயனரின் பழைய மடிக்கணினியில் ஓடாது.