மடிக்கணினியின் டிவிடி டிரைவை நீங்களே மாற்றலாம்

அக்காவின் கல்யாண டிவிடியைப் போட்டேன். டிரைவ் ‘கிர்ர், கிர்ர்’ என்று நாலு தடவை சுற்றிவிட்டு அடங்கிப்போனது. பாட்டு சிடி மட்டும் ஒழுங்காகப் பாடியது. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் லேசர். ஒன்று ஓய்ந்துபோனாலும் மற்றது உழைக்கும்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் முதலில் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். அப்படியும் சரியாகாவிட்டால் புது டிரைவ்தான். ஆனால் பழையதைக் கழற்றி அளக்காமல் புதியதை வாங்கிவிடாதீர்கள்.

1. கணினியை அணைத்து, சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

2. கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பல மாடல்களில் டிரைவைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. அதன் பக்கத்தில் சிறிய வட்டத்தகட்டுப் படம் இருக்கும். அந்த ஸ்க்ரூவைக் கழற்றி, டிரைவைப் பக்கவாட்டில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வராவிட்டால் வேறெங்கோ ஒரு ஸ்க்ரூ மீதமிருக்கிறது என்று பொருள், பலத்தைக் காட்டாதீர்கள்.

3. தடிமனை அளந்துகொள்ளுங்கள். 12.7 மி.மீ., 9.5 மி.மீ. என இரண்டு அளவுகள்தான் பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளன. தடித்தது மெல்லிய இடத்தில் நுழையாது. பின்புற இணைப்பு சாட்டா (SATA) வகையா, மிகப் பழைய ஐடிஇ (IDE) வகையா என்பதையும் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

4. இனி முகப்புத் தகடு. புதிய டிரைவுடன் வரும் பிளாஸ்டிக் முகப்பு உங்கள் கணினியின் வளைவுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அதனால் பழைய முகப்பையே மாற்றிப் போட வேண்டும். முகப்பிலுள்ள ஊசித்துளைக்குள் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக விட்டு அழுத்துங்கள். ‘டக்’ என்று தட்டு வெளியே வரும். அதைக் கையில் தாங்கிக்கொண்டு, ஓரங்களிலும் அடியிலும் உள்ள கொக்கிகளை நகத்தால் ஒவ்வொன்றாக நெம்புங்கள். கொக்கி தீக்குச்சி முனை அளவுதான் இருக்கும், ஒடிந்தால் முகப்பு ஆடிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு வேலைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். திறக்கும் பொத்தானும் இந்த முகப்பில்தான் இருக்கிறது. புதியதில் மாட்டியதும் பொத்தான் தடையின்றி அமுங்குகிறதா என்று பாருங்கள்.

5. பழைய டிரைவின் பின்மூலையில் இருக்கும் சிறிய உலோகத் தாங்கியையும் மறக்காமல் கழற்றிப் புதியதில் பொருத்துங்கள். அடிப்பக்க ஸ்க்ரூ பிடிப்பது அதில்தான். பலர் அதைப் பழைய டிரைவோடு குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு தேடுகிறார்கள்.

6. புதிய டிரைவை நேராகத் தள்ளி, முகப்பு கணினியின் ஓரத்தோடு சமமானதும் ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

விண்டோஸில் டிரைவ் தென்படவில்லையென்றால் கணினியை அணைத்து, வெளியே இழுத்து மீண்டும் ஒருமுறை அழுத்திச் செருகுங்கள். முழுதாக உட்காராததே வழக்கமான காரணம்.

டிரைவ் படிக்கத் தொடங்கியதும் முதல் வேலையாக வீட்டிலுள்ள கல்யாண, காதுகுத்து டிவிடிகளை எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். அக்காவின் டிவிடியை அன்றிரவே நகல் எடுத்துவிட்டேன்.