ஆர்மர்ட் கோர் முதல் பாகத்துக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு

அக்கா மகன் ஆர்மர்ட் கோர் வீடியோ விளையாட்டின் 2023இல் வந்த ஆறாம் பாகத்தை முடித்த கையோடு, “முதல் பாகம் உங்களிடம் இருக்கிறதா மாமா?” என்று கேட்டான். கொடுத்தேன். சற்று நேரத்துக்கெல்லாம், “இதில் அண்ணாந்து பார்ப்பதற்கே வழியில்லையா?” என்று முகத்தைச் சுளித்தான். அவனுக்குச் சொன்னதையே இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஃப்ரம்சாஃப்ட்வேர் 1997இல் முதல் பிளேஸ்டேஷனுக்குச் செய்த விளையாட்டு இது. ராட்சத ரோபோ ஒன்றை ஓட்டிக் கூலிக்குச் சண்டை போட வேண்டும். இயந்திரங்களை வடிவமைத்தவர் ஷோஜி கவாமோரி. அனலாக் குச்சிகளை நம்பாமல் எல்லாவற்றையும் பட்டன்களிலேயே வைத்திருக்கிறார்கள். திசைப் பட்டனில் மேல் கீழ் அழுத்தினால் முன்னே பின்னே நடக்கும். இடம் வலம் அழுத்தினால் உடல் திரும்பும். கன்ட்ரோலரின் மேல் விளிம்பில் இருக்கும் எல்1, ஆர்1 பக்கவாட்டில் நகர்த்தும். அண்ணாந்தும் குனிந்தும் பார்ப்பது அவற்றோடு சேர்ந்த எல்2, ஆர்2 வேலை.

பழைய டிஸ்க்கை டக்ஸ்டேஷன் போன்ற எமுலேட்டரில் (கணினியையே பழைய பிளேஸ்டேஷன் போல இயங்க வைக்கும் மென்பொருளில்) ஓட்டுகிறவர்கள் இதை மாற்றிக்கொள்ளலாம். கன்ட்ரோலர் வகையை டிஜிட்டல் என்று வைத்து, இடது குச்சியின் மேல் கீழை திசைப் பட்டனின் மேல் கீழுக்கும், அதன் இடம் வலத்தை எல்1, ஆர்1க்கும் கொடுங்கள். வலது குச்சியின் இடம் வலம் உடலைத் திருப்பட்டும், மேல் கீழ் எல்2, ஆர்2 ஆகட்டும். இன்றைய விளையாட்டுகளின் பிடி ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் குச்சியை மெல்லத் தள்ளினால் மெல்லத் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளே இருப்பது வெறும் பட்டன்தான். நான் பழைய அமைப்பிலேயே ஆடுகிறேன், ஆள்காட்டி விரல்கள் 1இல், நடுவிரல்கள் 2இல். படத்தின் துல்லியத்தைக் கூட்டுங்கள், எமுலேட்டரில் பிஜிஎக்ஸ்பி என்ற அமைப்பைப் போட்டால் சுவர்கள் நெளிவதும் குறையும். படத்தை மழுங்கடிக்கும் ஃபில்டர்கள் மட்டும் வேண்டாம், துருப்பிடித்த அந்தச் சுரங்கங்களின் அழகே போய்விடும்.

பழகுவதற்கு ஒரு வழி: எளிய மிஷன் ஒன்றில் கடைசி எதிரியைக் கொல்லாமல் விட்டு, அவனைச் சுற்றி வாருங்கள். எல்1ஐ அழுத்தி இடப்பக்கம் நகர்ந்துகொண்டே உடலை வலப்பக்கம் திருப்பினால் அவன் திரையின் நடுவிலேயே நிற்பான். இது கைக்கு வந்தால் பாதி விளையாட்டு வந்துவிட்டது. பறக்க வைக்கும் பூஸ்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள்; விட்டு விட்டு அழுத்துங்கள். எனர்ஜி முழுவதும் தீர்ந்தால், அளவுகோல் மறுபடி நிரம்பும் வரை பறக்கவும் முடியாது, லேசர் சுடவும் முடியாது. எதிரி எதிரே நிற்கும்போது அந்தச் சில நொடிகள் மிக நீளமானவை.

இனி பணம். லாரி டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். இந்த விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனதே இதனால்தான். மிஷன் கூலியிலிருந்து சுட்ட குண்டுகளுக்கும் சேதத்தைப் பழுது பார்ப்பதற்கும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். டீசலுக்கும் டயருக்கும் போக நிற்பதுதான் லாபம் என்பதைப் போல. சிறிய எதிரிகளுக்கு ஏவுகணை விடுவது வீண் செலவு. லேசர் வாளுக்குக் குண்டுச் செலவு கிடையாது, லேசர் துப்பாக்கிக்கும் கிடையாது. பதிலுக்கு எனர்ஜி கரையும். வாங்கிய பாகத்தை வாங்கிய விலைக்கே விற்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேய்மானமே இல்லாத சரக்கு! ஆகவே எதையும் கராஜில் தூங்கவிடாமல், விற்று வேறு வாங்கிப் பரிசோதியுங்கள்.

வாங்கும் வரிசை: முதலில் எனர்ஜி தரும் ஜெனரேட்டர், பிறகு கால்கள், அதன் பிறகே ஆயுதம். கால்கள்தான் எவ்வளவு சுமக்கலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. இரண்டு கால் இயந்திரம் முதுகுப் பீரங்கியைச் சுட மண்டியிட வேண்டும், அந்த நேரத்தில் அடி விழும். நான்கு காலும் டாங்கிக் காலும் நகர்ந்துகொண்டே சுடும். ரேடார் உள்ள தலையை வாங்கினால் முதுகில் ஓர் இடம் மிச்சம். குறி பூட்டும் கருவியைத் துப்பாக்கியோடு சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். சில அகலமாகவும் கிட்டத்திலும், சில குறுகலாகவும் தொலைவிலும் பிடிக்கும்.

செலவு கூலியை மிஞ்சினால் கடன் ஏறும். அது 50,000ஐத் தாண்டினால் ரோபோவை ஓட்டும் உங்கள் ஆளை அறுவைச் சிகிச்சைக்குள்ளாக்கி, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வைப்பார்கள். உடலில் கூடுதல் திறன் சேர்ந்திருக்கும். திரும்பத் திரும்பக் கடனில் விழுந்தால், இரண்டு காலில் நின்றபடியே முதுகுப் பீரங்கியைச் சுடும் வரம்கூடக் கிடைக்கும். திணறுகிறவர்களுக்கு ஆக்கியவர்கள் வைத்த பின்வாசல் இது. இன்று பலர் வேண்டுமென்றே தோற்று அந்த வழியில் நுழைகிறார்கள். தப்பில்லை, எனக்குத்தான் வேண்டுமென்று கடன் வாங்க மனம் வருவதில்லை.

குரோம், முராக்குமோ என்ற இரு நிறுவனங்களும் மாறி மாறி உங்களைக் கூலிக்கு அழைக்கும். ஒருவருடைய வேலையை ஏற்றால் மற்றவருடையது கைநழுவலாம், எனவே ஒப்புக்கொள்வதற்கு முன்னால் சேமியுங்கள். மெமரி கார்டில் இரண்டு இடங்களில் மாற்றி மாற்றிச் சேமிப்பது இன்னும் நல்லது.

கடைசி மிஷனில் பலரும் கன்ட்ரோலரை எறிந்திருக்கிறார்கள். செங்குத்தான குழிக்குள் நகரும் கட்டைகள் மேல் தாவித் தாவி ஏற வேண்டும். கனமான டாங்கியில் போனால் வேதனைதான். எடை குறைந்த கால்களும் நல்ல பூஸ்டரும் பெரிய ஜெனரேட்டரும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டையிலும் எனர்ஜி நிரம்பும் வரை நின்று ஏறுங்கள். மேலே நைன்பால் என்ற எதிரி காத்திருக்கிறான், அவனுக்காகக் குண்டுகளை மிச்சம் வையுங்கள். முடித்ததும் அந்தச் சேமிப்பை அழித்துவிடாதீர்கள்: அடுத்து வந்த பிராஜெக்ட் ஃபான்டாஸ்மாவில் அதையே ஏற்றி, சேர்த்த பாகங்களோடு அரீனா என்ற போட்டிக் களத்தில் இறங்கலாம்.