தண்ணி ஓடாத ஆத்தை தேடிப் புடிக்கறது எப்படி (குமுதவதி போறவங்களுக்கு)

பெங்களூர்ல இருக்கற நம்ம ஆளுங்க காவிரி பத்தி நெறைய பேசுவோம், ஆனா காவிரிக்கு தண்ணி சேர்க்கற ஒரு சின்ன ஆறு தும்கூர் ரோட்டு பக்கத்துலயே இருக்கு. பேரு குமுதவதி. டாபஸ்பேட்டை கிட்ட சிவகங்கே மலைல (நம்ம சிவகங்கை இல்ல) பொறந்து நெலமங்கலா பக்கமா எறங்கி, 1933ல கட்டின திப்பகொண்டனஹள்ளி அணைல அர்க்காவதியோட சேருது, அர்க்காவதி கனகபுரா தாண்டி சங்கமால காவிரில விழுது, அதுக்கப்புறம் மேட்டூர்தான்.

மொதல்ல மேப். சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 ஷீட்டை எடுத்துக்கோங்க, அதுல 20 மீட்டருக்கு ஒரு உயரக்கோடு (ஒரே உயரத்துல இருக்கற எடங்களைச் சேர்க்கற கோடு) இருக்கும். அந்தக் கோடு ஓடையைத் தாண்டற எடத்துல V மாதிரி வளையும், V-யோட மூக்கு எப்பவும் மேட்டுப் பக்கம்தான் காட்டும். இது ஒண்ணு புரிஞ்சா போதும், பாதி வேலை முடிஞ்சது. ஆத்தோட வழியை மேப்ல கோடா வரையறப்ப அணைலேர்ந்து மேல ஏறி வரைங்க, ஆனா நடக்கறப்ப மலைலேர்ந்து கீழ வாங்க, ஏன்னா மேல ஏறினா ஒவ்வொரு ஓடை பிரியற எடத்துலயும் எது மெயின்னு கொழப்பம் வரும், கீழ எறங்கினா எல்லாமே ஒண்ணுலதான் போய் சேரும்.

அடுத்தது மேட்டுவரம்பு, அதாவது மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு முடிவு பண்ற மேடு. புரியலன்னா ஊருக்குள்ளயே பாருங்க. அல்சூர் ஏரித் தண்ணி பெல்லந்தூர், வர்த்தூர்னு போய் தென்பெண்ணைல சேர்ந்து கடலூர்ல கடலுக்குப் போகுது, ராஜாஜிநகர் பக்கத்து மழை விருஷபாவதி வழியா அர்க்காவதிக்கு, அங்கேர்ந்து காவிரிக்கு. ஒரே ஊரு, ஒரே மழை, நடுவுல ஒரு மேடு அவ்ளோதான்!

இப்ப முக்கியமானது. ஆறுன்னு தேடிப் போனா ஏமாந்துடுவீங்க, வருஷத்துல பாதி நாளைக்கு மேல அது வெறும் மணலும் புதருமா கெடக்கும், நானே மொதல் தடவை தெரியாம ரெண்டு எடத்துல தாண்டிப் போயிட்டேன். தண்ணியைத் தேடாதீங்க, ஏரியைத் தேடுங்க. இங்க பள்ளத்தாக்கு முழுக்க ஏரிகள் சங்கிலி மாதிரிதான் இருக்கும், மேல் ஏரி நெறைஞ்சா கலங்கல் (மிச்சத் தண்ணி வெளிய போற எடம்) வழியா வழிஞ்சு கீழ் ஏரிக்குப் போகும், அந்த வழிதான் ஓடை, ஓடையெல்லாம் சேர்ந்தாதான் ஆறு. கன்னடத்துல ஏரி கெரெ, ஓடை ஹள்ள, கலங்கல் கோடி. நம்ம தஞ்சாவூர் பக்கம் ஆத்துலேர்ந்து வாய்க்கால் பிரியும், இங்க அப்படியே தலைகீழ். அக்டோபர், நவம்பர்ல போனா மழை முடியற நேரம், கோடில தண்ணி வழியறதை பார்க்க வாய்ப்பு அதிகம்.

ஊர்ல பெரியவங்க யாராவது இருந்தா "நதி எல்லி"ன்னு கேக்காதீங்க, "அஜ்ஜா, கெரெ தும்பிதரெ நீரு எல்லிகெ ஹோகத்தெ"ன்னு கேளுங்க, ஏரி நெறைஞ்சா தண்ணி எங்க போகும்னு அர்த்தம். கையை நீட்டி காட்டுவாங்க, அந்தக் கை எந்த மேப்பை விடவும் சரியா இருக்கும். தோட்டம், வயல் வழியா போகணும்னா கேட்டுட்டு போங்க.

ஒவ்வொரு கோடியையும் போன்ல லொகேஷன் போட்டு வச்சு ராத்திரி மேப்ல புள்ளி புள்ளியா சேருங்க. கோடு எங்க அறுந்து நிக்குதோ அடுத்த ஞாயித்துக்கெழமை அங்கேர்ந்து ஆரம்பிங்க.